அடுத்த பொதுக்குழுவில் மாடிப்படியைப் பற்றிப் பேசுங்கள்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,



ஆண்டுப் பொதுக்குழுவில் எதற்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்பது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தண்ணீர் லாரிக் கணக்கு, வெளிச்சுவருக்கு என்ன வண்ணம், விருந்தாளியின் காரை எங்கே நிறுத்துவது, நாயை லிஃப்டில் ஏற்றலாமா கூடாதா என ஒவ்வொன்றும் அரைமணி, ஒரு மணி என்று இழுக்கும். யாராவது எழுந்து தீப் பாதுகாப்பு பற்றிக் கேட்டால் மட்டும், “சிலிண்டரெல்லாம் போன மாசம்தான் ரீஃபில் பண்ணினோம் சார்” என்ற ஒரு வரியோடு கேள்வி அடங்கிவிடும். அடுத்து காபி வந்துவிடும்.

அந்தச் சிவப்பு சிலிண்டர்கள் அவசியம்தான். ஆனால் அவை சின்ன நெருப்பை, ஆரம்பத்திலேயே, பக்கத்தில் நிற்பவர் அணைப்பதற்கானவை. குடியிருப்புகளில் தீப்பிடித்தால் உயிர்களைப் பெரும்பாலும் பறிப்பது புகை. அந்தப் புகை மாடி வீடுகளுக்கு வந்து சேரும் முக்கியமான வழி, நீங்கள் நிர்வகிக்கும் மாடிப்படி. கட்டடங்களின் காற்றோட்டக் கருவிகளைப் பொருத்திச் சோதிப்பது என் தொழில். அந்த உரிமையில், வேறு எதையும் கலக்காமல், மாடிப்படியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் புகை என்ன செய்கிறது என்று பார்ப்போம். எரியும் பொருளுக்குப் போதிய காற்று கிடைக்காதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவுடன் ஒட்டிக்கொள்ளும். தலை கனக்கும், கால் தளரும், எழுந்து கதவைத் திறக்க வேண்டும் என்ற யோசனையே மங்கிவிடும். சோஃபாவிலும் மெத்தையிலும் இருக்கும் ஃபோம் எரிந்தால் அதோடு ஹைட்ரஜன் சயனைடும் சேரும். மின்கம்பிகளின் பி.வி.சி. உறை எரிந்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு கண்ணைத் திறக்கவே விடாது. தூங்குகிறவரைப் புகையின் வாசனை எழுப்பிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி எழுப்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பல வீடுகளில் படுத்தவர்கள் படுத்தபடியே கிடந்திருக்கிறார்கள்.

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை காலை. ஹைதராபாதில் சார்மினாருக்குப் பக்கத்தில், குல்சார் ஹௌஸ் பகுதியில் கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக இருந்த ஒரு பழைய கட்டடத்தில் தீப்பிடித்தது. தரைத்தளத்துக்கு மேல் இரண்டே மாடிகள். இறந்தவர்கள் 17 பேர், அதில் 8 பேர் குழந்தைகள். உள்ளே போக இரண்டு மீட்டர் அகலத்தில் குகைபோல ஒரு வழி, மாடிக்கு ஏற ஒரு மீட்டர் அகலத்தில் ஒரே படிக்கட்டு என்று தெலங்கானா தீயணைப்புத் துறை சொன்னது. இரண்டாம் மாடி என்பது தீயணைப்பு ஏணி எட்டாத உயரம் இல்லை. ஆனாலும் அவர்கள் இறங்க முடியவில்லை.

2022 செப்டம்பர் 12 இரவு, செகந்திராபாதில் கீழே மின்சார ஸ்கூட்டர் விற்பனைக்கூடமும் மேலே தங்கும் விடுதியுமாக இருந்த கட்டடத்தில் தீ. கீழே வண்டிகளும் பேட்டரிகளும் எரிந்தன. மேலே அறைகளில் இருந்தவர்களில் 8 பேர் இறந்தார்கள். 2023 அக்டோபர் 6 அதிகாலை, மும்பை கோரேகானில் குடிசை மாற்றுத் திட்டத்தில் கட்டிய குடியிருப்பில் தரைத்தள வாகன நிறுத்தத்தில் தீ. அங்கே வண்டிகளோடு துணி மூட்டைகளும் கிடந்தன. ஐந்து மாடிகளிலும் மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏழு உயிர்கள் போயின, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தீ கீழே, செத்தவர்கள் மேலே. சூடான புகை மேலேதான் போகும். மூடிய படிக்கட்டு அதற்குப் புகைபோக்கி ஆகிவிடும். ஒரு ஆள் படியேறும் வேகத்தைவிட அது வேகமாக ஏறும். உச்சியில் வெளியேற வழி இல்லையென்றால், அங்கே முட்டித் திரும்பி மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கி நிறைய ஆரம்பிக்கும். அதனால்தான் தரைத்தளத்துத் தீயில் இரண்டாம் மாடிக்காரருக்கு முன்பே நான்காம் மாடிக்காரர் மாட்டிக்கொள்வதும் நடக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மடிப்பாக்கத்திலோ கொளத்தூரிலோ நங்கநல்லூரிலோ, ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு மேல் மூன்று நான்கு மாடி வைத்த ஒரு சராசரி ஃப்ளாட்டுக்குள் போய்ப் பாருங்கள். படிக்கட்டு தொடங்கும் இடத்துச் சுவரில் எல்லா வீட்டுக்குமான ஈ.பி. மீட்டர்கள் வரிசையாக இருக்கும். அதன் கீழே இரண்டு ஸ்கூட்டர்கள். ஒன்று மின்சார ஸ்கூட்டராக இருந்தால், மேலே ஏதோ ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கும். படிக்கட்டின் அடியில் பழைய பேப்பர் கட்டு, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ காலி செய்தபோது விட்டுப்போன மெத்தை. சில இடங்களில் காவலாளியின் குடும்பமே அந்த அடிப்பகுதியில் அடுப்பு வைத்துச் சமைக்கிறது. அவர்களுக்கு முறையான ஓர் அறை கொடுப்பதைச் சங்கத்தின் தயவு என்று யாரும் நினைக்க வேண்டாம். அது கட்டடத்தில் இருக்கிற எல்லோருக்குமான பாதுகாப்பு.

மேலே ஏறுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டுநர் வைத்த சிமெண்ட் ஜாலி இருக்கும். மழைச்சாரல் வருகிறது என்று முதல் மாடியில் பாலிகார்பனேட் ஷீட் அடித்தாயிற்று. புறா வருகிறது என்று இரண்டாம் மாடியில் கண்ணாடி போட்டாயிற்று. மூன்றாம் மாடியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடையை கிரில் கேட் போட்டு ஒரு வீட்டார் தம் பக்கம் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். வாசலில் ஷூ ராக், அதன்மேல் பழைய மிக்சி அட்டைப்பெட்டி. உச்சியில் மொட்டைமாடிக் கதவு. அதில் பூட்டு. சாவி செயலாளர் வீட்டில், அவர் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

இதில் எதுவும் கெட்ட எண்ணத்தில் செய்யப்பட்டதல்ல. மழை உண்மை, புறா உண்மை, திருட்டுப் பயமும் உண்மை. ஆனால் எல்லாம் சேர்ந்து, கீழே தீப்பிடிக்கத் தோதான பொருளையும் மேலே புகை தப்பிக்க முடியாத மூடியையும் நாமே அமைத்துக்கொண்டோம். ஜாலியும் உச்சித் திறப்பும் அழகுக்கு வைத்தவை என்று பலரும் நினைக்கிறார்கள். புகையை வெளியே விடுவதும் அவற்றின் வேலை. மின்சாரம் போனாலும், யாரும் பொத்தானை அழுத்தாவிட்டாலும் வேலை செய்கிற ஒரே ஏற்பாடு அது.

நமது கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் அதை உயரக் கட்டடம் என்கின்றன. தீயணைப்புத் துறைச் சான்று, ஆய்வு என்ற பேச்செல்லாம் பெரும்பாலும் அவற்றைச் சுற்றியே நடக்கும். சிறிய ஃப்ளாட்டில் இருப்பவர்கள் இதெல்லாம் ஓ.எம்.ஆர். கோபுரங்களுக்குத்தான் என்று இருந்துவிடுகிறார்கள். குல்சார் ஹௌஸ் இரண்டு மாடிக் கட்டடம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

உயரக் கட்டடச் சங்கங்களுக்கு வேறு கணக்கு. உங்கள் படிக்கட்டு நாலாபுறமும் சுவரும் ஃபயர் டோருமாக மூடியிருக்கும். மொட்டைமாடியில் ஒரு பெரிய மின்விசிறி, தீ எச்சரிக்கை ஒலித்ததும் தானாக ஓடி, படிக்கட்டுக்குள் காற்றை அழுத்தி நிரப்ப வேண்டும். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருப்பதால் கதவிடுக்கு வழியே காற்று வெளியே தள்ளும், புகை உள்ளே வராது. தேசியக் கட்டட நெறித்தொகுப்பு படிக்கட்டுக்குச் சொல்லும் அளவு 50 பாஸ்கல். கேட்கச் சின்ன எண்தான். இரண்டு சதுர மீட்டர் கதவில் அது ஏறக்குறைய பத்து கிலோ எடைக்குச் சமமான விசை.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரே நிபந்தனையில் நிற்கிறது: கதவுகள் மூடியிருக்க வேண்டும். ஒன்பதாம் மாடியில் பால்காரரும் பேப்பர்காரரும் வந்துபோக வசதியாக ஃபயர் டோருக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தால், விசிறி தள்ளும் காற்றெல்லாம் அந்த வழியே போய்விடும். மற்ற மாடிகளில் அழுத்தம் விழுந்துவிடும். ஒரு செங்கல் லட்சக்கணக்கில் செலவழித்த அமைப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. அடிக்கடி வீணாக ஒலிக்கிறது என்று எச்சரிக்கைப் பலகையை அமைதி நிலையில் வைத்துவிட்டால் விசிறி தானாக ஓடவே ஓடாது. விசிறியின் பெல்ட் அறுந்து எத்தனை நாளாயிற்று என்பது கட்டடத்தில் யாருக்கும் தெரியாத நிலையும் உண்டு.

உங்கள் கட்டடத்தில் அது வேலை செய்கிறதா என்று அறிய என்னைப் போன்ற ஆள் வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பராமரிப்பு மேலாளரை அழைத்து விசிறியை ஓடவிடச் சொல்லுங்கள். எல்லா ஃபயர் டோரும் மூடியிருக்கட்டும். ஏதாவது ஒரு மாடியில் லாபி பக்கம் நின்று, செய்தித்தாளில் விரலகலத்துக்கு ஒரு துண்டு கிழித்துக் கதவின் அடியிடுக்கில் பிடியுங்கள். தாள் படிக்கட்டிலிருந்து உங்கள் பக்கம் படபடத்துத் தள்ளினால் நல்லது. தொங்கிக்கொண்டு சும்மா இருந்தால், பராமரிப்பு ஒப்பந்தத்தில் நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பிறகு மெயின் மின்சாரத்தை நிறுத்தி, ஜெனரேட்டரில் அதே விசிறி ஓடுகிறதா என்றும் பாருங்கள். தீயின்போது மின்சாரம் இருக்கும் என்று எண்ணி எதையும் திட்டமிடக் கூடாது.

கதவு விஷயத்தில் லண்டன் கற்ற பாடம் பெரியது. 2017 ஜூன் 14 அன்று 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்தில், நான்காம் மாடிச் சமையலறை ஒன்றில் ஃப்ரிட்ஜில் பிடித்த தீ, வெளிச்சுவரில் பதித்திருந்த அலுமினியத் தகடுகளின் நடுவே இருந்த பாலிஎத்திலீனைப் பற்றிக்கொண்டு கட்டடத்தையே சூழ்ந்தது. 72 பேர் இறந்தனர். இருந்தது ஒரே படிக்கட்டு. சர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையில் நடந்த விசாரணையில் வெளிச்சுவர்த் தகடுகளோடு இன்னொன்றும் வெளிவந்தது. தாமாக மூடிக்கொள்ள வேண்டிய வீட்டு வாசல் கதவுகள் பலவற்றில் அந்தக் கருவி இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. உயிர் பிழைக்க ஓடியவர்கள் பின்னால் திறந்தே நின்ற கதவுகள் வழியே புகை லாபிகளுக்கு வந்தது, அங்கிருந்து படிக்கட்டுக்குப் போனது. லாபியின் புகை நீக்கும் அமைப்பு ஒரு சமயத்தில் ஒரு மாடிப் புகையை மட்டும் சமாளிக்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. பல மாடிகளில் ஒரே நேரத்தில் புகை நிறைந்தபோது அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கதவை இழுத்து மூடும் டோர் க்ளோசர் சின்னப் பொருள்தான். ஆனால் புகையின் முதல் தடுப்பு அதுதான்.

மறைவான இன்னொரு வழி மின்கம்பி ஷாஃப்ட். தரைத்தளத்திலிருந்து உச்சிவரை போகும் அந்தப் பொந்தில் ஒவ்வொரு தளத்திலும் கம்பியைச் சுற்றி இடைவெளி இல்லாமல் தீத் தடுப்புப் பூச்சால் அடைத்திருக்க வேண்டும். கட்டும்போது அடைத்திருப்பார்கள். அதன்பிறகு ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் ஒரு துளை போட்டிருப்பார், கேமரா வைக்க வந்தவர் இன்னொன்று. யாரும் திரும்ப அடைத்திருக்க மாட்டார்கள். ஷாஃப்ட் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்தளத்து வெளிச்சம் தெரிந்தால் புகைக்கும் அந்த வழி தெரியும்.

மொட்டைமாடிப் பூட்டுக்கு வருகிறேன். 2024 ஜூன் 12 அதிகாலை குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தரைத்தளத்தில் தீப்பிடித்து, தூக்கத்தில் இருந்த ஐம்பது பேர் வரை இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள், ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். மேலே ஓடியவர்களால் மாடிக் கதவைத் திறக்க முடியவில்லை, அது பூட்டியிருந்தது என்று செய்திகள் வந்தன. திருடன் வருவான் என்றால் வெளிப்பக்கம் திறக்க முடியாதபடியும் உள்பக்கம் சாவியில்லாமல் திறக்கும்படியும் தாழ் வைக்கலாம். கடையில் கிடைக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் சாவி வைப்பது இரண்டாந்தரத் தீர்வு. இருட்டிலும் புகையிலும் சாவியைத் தேடிப் பூட்டில் நுழைக்க யாராலும் முடியாது. கீழே இறங்கும் வழி புகையில் அடைபட்டவர்களுக்கு மொட்டைமாடிதான் கடைசி இடம். முடிந்தவரை கீழேதான் இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

லிஃப்ட் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அவசரத்தில் கை அந்தப் பொத்தானுக்குத்தான் போகும். 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது இறந்த ஆறு பேரில் லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களும் உண்டு. லிஃப்ட் வாசலில் “தீயின்போது பயன்படுத்தாதீர்” என்ற பலகை இருந்தால் மட்டும் போதாது. வருடம் ஒருமுறையாவது குழந்தைகளையும் வீட்டு வேலைக்கு வருபவர்களையும் சேர்த்து எல்லோரையும் படியில் இறக்கிப் பழக்குங்கள். மூச்சுத் தொல்லை உள்ளவர், நடக்க முடியாத பெரியவர், கர்ப்பிணி எந்த வீட்டில் இருக்கிறார் என்ற பட்டியல் காவலாளியின் அறையில் இருக்கட்டும்.

இனி, குடியிருப்பவர்களுக்கு நீங்கள் அனுப்ப வேண்டிய ஒரு பக்கச் சுற்றறிக்கை. தீ உங்கள் வீட்டில் என்றால், எல்லோரும் வெளியே வந்து வாசல் கதவை இழுத்து மூடுங்கள். பூட்ட வேண்டாம். பக்கத்து வீடுகளைத் தட்டிக்கொண்டே படியில் இறங்குங்கள். தீ வேறு எங்கோ, படிக்கட்டில் புகை என்றால், உள்ளேயே கதவை மூடி, அடியிடுக்கில் ஈரத்துணி செருகி, தெருப்பக்கம் உள்ள பால்கனிக்கோ ஜன்னலுக்கோ போய் 101 அல்லது 112 எண்ணுக்குப் பேசி, எந்த மாடி, எந்த வீடு என்று சொல்லுங்கள். புகையில் நடக்க நேர்ந்தால் குனிந்து போங்கள், தரையோரம் காற்று கொஞ்சம் நன்றாக இருக்கும். இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குவது புகை உள்ளே வருவதைப் பல நிமிடங்கள் தள்ளிப்போடும். பேட்டரியில் ஓடும் புகை உணர்கருவி ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. படுக்கையறைக்கு வெளியே கூரையில் மாட்டுங்கள். சமையலறைக்குள் மாட்டினால் தாளிக்கும்போதெல்லாம் அலறும், பிறகு யாராவது பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். பால்கனியைக் கூண்டுபோல அடைத்த வீடுகளில் கிரில்லின் ஒரு பகுதியாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும்.

சங்கக் கூட்டத்தில் எழப்போகும் மறுப்புகள் எனக்குத் தெரியும். மழைச்சாரல் என்பார்கள். ஷீட்டுக்குப் பதில் சரிந்த பட்டைகள் கொண்ட லூவர் போட்டால் மழை வராது, காற்று போகும். புறா என்றால் வலை போதும், கண்ணாடி வேண்டாம். “எங்க வீட்டு வாசல்தானே, ஷூ ராக் வைத்தால் என்ன?” என்பார்கள். வாசலுக்கு வெளியே இருப்பது பொது இடம். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டப்படியும் பொதுப் பகுதியை யாரும் தம் பங்கு என்று பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. காசில்லை என்பார்கள். பழைய மெத்தையைத் தூக்கிப் போடவும், செங்கல்லை அகற்றவும், பாலிகார்பனேட் ஷீட்டைக் கழற்றவும் கூலி தவிர வேறு செலவில்லை.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில், முதல் பொருளாக, இந்தத் தீர்மானத்தை வையுங்கள்:

1. படிக்கட்டிலும் அதன் அடியிலும் பொது நடையிலும் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. ஏழு நாளில் எடுக்காதவற்றைச் சங்கமே அகற்றும்.

2. படிக்கட்டின் ஜாலிகளையும் உச்சித் திறப்பையும் மூடியிருக்கும் ஷீட், கண்ணாடி அனைத்தும் கழற்றப்படும். காற்றழுத்த விசிறி உள்ள கட்டடங்களில் ஃபயர் டோர்கள் எந்நேரமும் மூடியே இருக்கும்.

3. மொட்டைமாடிக் கதவும் கிரில் கேட்டுகளும் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும்படி மாற்றப்படும்.

4. மீட்டர் பலகையின் பக்கத்தில் வண்டி நிறுத்தக் கூடாது. மின்சார வாகனங்களுக்குப் படிக்கட்டிலிருந்து தள்ளி, முறையான ஒயரிங்கோடு தனி சார்ஜிங் இடம் அமைக்கப்படும். உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் ஆண்டுதோறும் மீட்டர் பலகையைச் சோதிப்பார்.

5. ஷாஃப்ட் துளைகள் அடைக்கப்படும். இனி துளை போடுகிறவர் அடைத்துக் காட்டிய பிறகே அவருக்குப் பணம்.

6. ஆண்டுக்கு ஒருமுறை, தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து ஒத்திகை நடத்தப்படும். ஏப்ரல் 14 தீயணைப்போர் நினைவு நாள். 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுக வெடிப்பில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களுக்கானது. ஒத்திகைக்கு அதை ஒட்டிய வாரம் பொருத்தம்.

தீர்மானம் போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். மறுநாள் காலையே தலைவரும் செயலாளரும் சேர்ந்து, லிஃப்டை விட்டுவிட்டு, தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை ஒருமுறை நடந்து ஏறுங்கள். வழியில் காலில் தட்டுகிறதை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவர் வண்ணத்தை அடுத்த வருடமும் பேசிக்கொள்ளலாம். படிக்கட்டை இந்த மாதமே சரிசெய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்
சென்னை